நிலுவையில் உள்ள கேள்விகள்

ஜூன் 20, செவ்வாய்

மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்துவிட்டது. அதைத் துடைத்து, மகள் ரூபிணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வீட்டுக்காரரையும் துறைமுகத்து வேலைக்கு அனுப்பிவிட்டு உட்காரும்போது வெயில் ஏறிவிட்டது. குழுவைத் திறந்தேன். நிலுவையில் கேள்விகள் வரிசையாக நின்றன.

'வால்வு உறவுகள்' குழுவை நூர்ஜஹான் அக்கா தஞ்சாவூரில் இருந்துகொண்டு தொடங்கினார். நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்த இடம். அக்காவுக்கும் வால்வு, எனக்கும் வால்வு. இந்த ஃபேஸ்புக் குழுவில் யார் என்ன எழுதினாலும் முதலில் என் கண்ணுக்குத்தான் வரும். படித்துப் பார்த்து உள்ளே விடுவேன், இல்லை தள்ளிவிடுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையை விட்டேன். இதுதான் இப்போது என் வேலை மாதிரி. 'மேடம்' என்று கூப்பிடுகிறார்கள். கடையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

குழுவில் விதி ஒன்றுதான். 'எனக்கு இப்படி இருக்கு, மாத்திரை எவ்வளவு போட?' என்று யாரும் கேட்கக்கூடாது. யாரும் சொல்லவும் கூடாது. அப்படி வந்தால் தள்ளிவிட்டு, அக்கா எழுதிக்கொடுத்த பதிலை ஒட்டவேண்டும். "தனிப்பட்ட மருத்துவக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்வதில்லை. தயவுசெய்து உங்கள் மருத்துவரை அணுகவும்."

பாலகுரு சார் இருப்பதால் அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். அவர் டாக்டர். சிவகாசிப் பக்கம். எந்தக் கேள்விக்கும் 'பயப்படாதீங்க தாயி' என்றுதான் ஆரம்பிப்பார். சிக்கலான கேள்வி வந்தால் அவருக்குத் தனியாக அனுப்புவேன். "உள்ள விடுங்கம்மா, நான் சொல்றேன்" என்பார். விட்டுவிடுவேன்.

இன்றைக்குக் கமுதியில் இருந்து சுகந்தி என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். "கடவாய்ப் பல் சொத்தை. ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரைய நிறுத்திட்டு வந்தாத்தான் புடுங்குவேன்னு பல் டாக்டர் சொல்லிட்டாரு. எத்தனை நாள் நிறுத்தணும்? மதுரைக்குப் போய்க் கேக்க இப்ப முடியாது. தையல் நெறைய இருக்கு. வலி தாங்கல."

பாலகுரு சாருக்கு அனுப்பினேன். அவர் பதில் போட்டார். "பயப்படாதீங்க தாயி. அஞ்சு நாள் நிறுத்துங்க. பல் எடுத்து ரத்தம் நின்னு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஆரம்பிங்க. என் கண் முன்னால நடந்தது, ஒண்ணும் ஆகாது."

சுகந்தி கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். நான் ஒரு இதயம் போட்டேன்.

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் பழசு. மாற்றவேண்டும்.

ஜூன் 22, வியாழன்

புது பிரஷ் வாங்கினேன். மெதுவானது. அப்படியும் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஜூன் 25, ஞாயிறு

அவர் வீட்டில் இருந்தார். மீன் வாங்கி வந்தார். நான் கழுவிக்கொண்டிருந்தபோது சேலை கொஞ்சம் ஏறியிருந்தது போல. "என்னட்டி இது, தொடையில இவ்வளவு பெரிய கருப்பு?" என்றார்.

"கட்டில்ல இடிச்சிருப்பேன்."

"இடிச்சதுகூடத் தெரியாதா?"

"நிதம் என்னத்தையாவது இடிக்கேன். எதைன்னு சொல்ல?"

"ரத்த டெஸ்டெல்லாம் ஒழுங்காப் போய்ட்டு வாரியா?" என்றார்.

"போன தடவைதான் போய்ட்டு வந்தேனே" என்றேன்.

பொய் இல்லை. போன தடவை என்று நான் சொன்னது மாசி மாதத்தை. எங்கள் ரத்தம் எவ்வளவு இளகி ஓடுகிறது என்று பார்க்கிற டெஸ்ட் அது. மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனியில் ரூபிணிக்கு அம்மை போட்டிருந்தது. அப்புறம் பாலகுரு சார், "உங்க வயசுக்கு ஒரு மாத்திரை பத்தாதும்மா, ஒண்ணரையாக்குங்க, வால்வுக்குப் பாதுகாப்பு" என்றார். வைகாசியில் இரண்டாக்கச் சொன்னார். டாக்டரே கவனித்துக்கொள்ளும்போது டெஸ்டுக்கு என்ன அவசரம்.

கருப்பைப் பற்றிப் பாலகுரு சாரிடம் கேட்டேன். "இடிச்சிருக்கும் தாயி" என்றார். நானும் அதைத்தானே சொன்னேன்.

ஜூலை 2, ஞாயிறு

பல் எடுத்தாகிவிட்டது என்று சுகந்தி போட்டிருந்தாள். வீங்கிய கன்னத்தோடு சிரிக்கிற படம். "டாக்டர் சாருக்குக் கோடி நன்றி." நூறு பேராவது வாழ்த்தியிருப்பார்கள்.

ஜூலை 4, செவ்வாய்

நூர்ஜஹான் அக்கா போன் பண்ணினார். குரல் சரியில்லை.

"ஏம்மா கனி, மாத்திரை அளவு கேக்குறதெல்லாம் உள்ள வருதே. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் எனக்கு நேரா எழுதிட்டாரு, நீங்க என்ன ஆஸ்பத்திரியா நடத்துறீங்கன்னு. விதின்னு எதுக்கு வெச்சோம்?"

"பாலகுரு சார் பதில் சொல்றாருன்னுதான்க்கா."

"யார் சொன்னாலும் வேணாம். ஒரு உசுரு போச்சுன்னா யாரும்மா ஜவாப்தாரி? இனிமே ஒண்ணுகூட விடாத."

சரி என்றேன். அவமானமாக இருந்தது. சாயங்காலம் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். ரூபிணி தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டது.

ஜூலை 6, வியாழன்

விதிப்படிதான் எல்லாம். அரிசி ஊறப்போட்டுக்கொண்டே நிலுவையில் இருந்ததை எல்லாம் தள்ளினேன். சேலத்துக்காரர் ஒருவர், தேனியில் ஒரு அம்மா. சுகந்தியும் இருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். வால்வு வெச்சதுல இருந்து நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு கேட்டுக்கிட்டே இருக்கும்ல. ரெண்டு நாளா அது கேக்கல. அமைதியா இருக்கு. ராத்திரி தொந்தரவு இல்ல. ஒடம்பு பழகிருச்சா? நல்லதுதானே? மாடி ஏறுனா கொஞ்சம் மூச்சு வாங்குது, அது அலைச்சல்னு நெனைக்கேன்."

தனிப்பட்ட கேள்வி. தள்ளிவிட்டு அக்காவின் பதிலை ஒட்டினேன்.

ஜூலை 7, வெள்ளி

ரூபிணிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். ரேஷன் கடையில் பருப்பு இல்லை.

மதியம் படுத்தபோது மின்விசிறியை நிறுத்திவிட்டு என் சத்தத்தைக் கேட்டேன். நன்றாகக் கேட்கிறது. தகரத்தில் சின்னதாய்க் கல் விழுகிற மாதிரி.

சத்தம் கேட்காமல் போவதைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்ட நினைவு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது நர்ஸ் ஏதோ சொன்னாள். சரியாக ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் ஞாபகம் இருக்கும்.

சுகந்திதான் நல்லா இருக்கு என்கிறாளே.

ஜூலை 8, சனி

எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அக்காவுக்கு நானே போன் போட்டேன். விதிப்படி செய்கிறேன் என்று தெரியட்டும் என்றுதான். எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு, சும்மா பேச்சுவாக்கில், "கமுதிப் பொண்ணு ஒருத்தி, வால்வு சத்தம் கேக்கல, நல்லாத் தூங்குறேன்னு போட்டிருந்தா. அதையும் விடல" என்றேன்.

அக்கா இடையில் புகுந்தார்.

"எப்ப போட்டா?"

"முந்தாநாள்."

"மாத்திரை ஒழுங்காப் போடுறாளா?"

"பல்லுக்காக அஞ்சு நாள் நிறுத்தினா அக்கா. பாலகுரு சார்தான்..."

"யா அல்லா" என்றார் அக்கா. "கனி, என் பக்கத்து பெட்டுல ஒரு பொம்பளை இருந்தா. அவளுக்கும் இப்படித்தான் சத்தம் நின்னுச்சு. வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா அது அசையாதும்மா. அசைஞ்சாத்தானே சத்தம். அவ வீட்டுக்குத் திரும்பிப் போகல. உடனே அந்தப் பொண்ணைப் புடி."

எப்படிப் பிடிப்பது? தனிச் செய்தி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை. அவள் நம்பர் யாரிடமும் இல்லை. குழுவில் 'கமுதி சுகந்தி வீடு யாருக்காவது தெரியுமா' என்று போட்டேன். 'என்ன விஷயம் மேடம்' என்று ஆளாளுக்குக் கேட்டார்களே தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கோயில், பிறந்தநாள், தைத்த பிளவுஸ்கள். ஒரு படத்தில் அவள் புருஷன் கடை வாசலில் நிற்கிறார். தலைக்கு மேலே பலகை. முனியசாமி செல்போன்ஸ். கீழே நம்பர். கடைசி எண்ணை அவர் தலை மறைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்றில் யாரோ திட்டினார்கள். அடுத்ததை ஒருவர் எடுத்து, "முனியசாமி செல்போன்ஸ்" என்றார்.

"சார், சுகந்தி வீட்டுக்காரங்களா?"

"நீங்க யாரு?"

"தூத்துக்குடியில இருந்து பேசுறேன். செல்லக்கனி. அவங்க இருக்கிற ஃபேஸ்புக் குழுவுல..."

"ஃபேஸ்புக்கா? இந்தாம்மா, நம்ம கடைக்கு வர்றவங்கள்லயே எத்தனையோ பேரு இந்த மாதிரி போன்ல காசை விட்டுட்டு வந்து அழுவுறாங்க. என்கிட்டயேவா? வையிங்க."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"வெச்சிராதீங்க சார்" என்று கத்தியேவிட்டேன். "அவங்களுக்கு நெஞ்சுக்கு நடுவுல மேல இருந்து கீழ தழும்பு இருக்கும். எனக்கும் அதே தழும்பு இருக்கு. உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. காசு கேக்கல, நம்பர் கேக்கல. வீட்டுக்குப் போய் அவங்க நெஞ்சுல காதை வெச்சுப் பாருங்க. அது மட்டும் போதும்."

"என்னத்தைக் கேக்க?"

"பக்கத்துல படுத்தா ஒரு சத்தம் வருமே சார்."

"ஆமா. வாட்ச்சு மாதிரி" என்றார். குரல் மாறியிருந்தது.

"அது வருதான்னு பாருங்க."

கடையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கவேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. போன் அடித்தது.

"கேக்கலைங்க. உள்ள ஏதோ துணியைச் சுத்தி வெச்சு அடிக்கிற மாதிரி இருக்கு. அவ சிரிக்கா, பட்டப்பகல்ல என்ன இதுன்னு." பின்னால் ஒரு பெண் சிரிப்பது எனக்கும் கேட்டது. சிரித்துவிட்டு இருமினாள். "ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சு ஒக்காந்த மாதிரிதான் படுக்கா. நான் ஒண்ணும் நெனைக்கலையே."

"108-ஐக் கூப்பிடுங்க. மதுரைக்கே போங்க. மெட்டல் வால்வு, மாத்திரை நிறுத்தியிருந்தோம், சத்தம் நின்னுபோச்சு. இதை மட்டும் போன உடனே சொல்லுங்க. வரிசையில நிக்காதீங்க."

"டாக்டர் சொல்லித்தாங்க நிறுத்துனா. குழுவுல இருக்காரே, அவரு."

"கிளம்புங்க சார்" என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

செய்தி இல்லை. முனியசாமி போன் அணைந்திருக்கிறது.

வீட்டுக்காரர் மீன் வாங்கி வந்தார். என்னால் கழுவ முடியவில்லை, அவரே கழுவினார். "ஒனக்கு என்னட்டி ஆச்சு" என்றார். குழுவில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றேன். "ஊருக்கெல்லாம் கவலைப்படு" என்றார்.

ஜூலை 10, திங்கள்

உயிர் இருக்கிறது.

முனியசாமி போன் பண்ணினார். வால்வில் ரத்தக்கட்டி. கரைக்க மருந்து ஏற்றியிருக்கிறார்கள். கட்டி கரையும்போது ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டதாம். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, வலது கை வரவில்லை. "பேசுறா, ஆனா புரியலைங்க" என்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, "நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா" என்றார். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அங்கே டாக்டர் சத்தம் போட்டாராம். எந்தப் பைத்தியக்காரன் மாத்திரையை நிறுத்தச் சொன்னது, ரத்த டெஸ்ட் பார்த்துவிட்டு நிறுத்தாமலே பல் எடுக்கலாமே என்று.

அக்காவிடம் சொன்னேன். "இந்த பாலகுரு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. எட்டாயிரம் பேர் இருக்கிற குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

நானே அவருக்குப் போன் பண்ணினேன். எழுத்தில் பேசியிருக்கிறேனே தவிர குரலைக் கேட்டதில்லை. மெதுவான, அன்பான குரல்.

"சொல்லுங்க தாயி."

"சார், நீங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியா? நான் மருந்துக் கம்பெனியில ரெப்பா இருந்தேம்மா. ரிட்டையர் ஆயாச்சு."

"டாக்டர்னு எல்லாரும்..."

"நான் என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கேனா? தேடிப் பாருங்க. மொதமொத அப்படிக் கூப்பிட்டது நீங்கதாம்மா. மறுத்துச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. எவ்வளவு நம்பிக்கையாக் கேக்குறாங்க, அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"என் கண் முன்னால நடந்ததுன்னு எழுதினீங்களே?"

"என் வீட்டுக்காரிக்கு நடந்ததும்மா. அவளுக்கும் வால்வு. பல் எடுக்கையில அஞ்சு நாள் நிறுத்தினாங்க. ஒண்ணும் ஆகல."

"அவங்க இப்ப?"

"இல்லம்மா. அது வேற. அது கிட்னியில."

சுகந்திக்கு ஆனதைச் சொன்னேன். "பாவம். அதுக்கு வேற காரணம் இருக்கும் தாயி" என்றார். பிறகு, அதே அன்போடு, "உங்க மாத்திரை எப்படிப் போவுது? ரெண்டுதானே?" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

பழசை எல்லாம் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஓர் இடத்தில்கூட அவர் தன்னை டாக்டர் என்று எழுதவில்லை. போன வருஷம் ஐப்பசியில், ஒரு அம்மாவுக்கு, 'டாக்டர் பாலகுரு சார் இதற்குப் பதில் சொல்வார்' என்று எழுதியிருப்பது நான்.

அவர் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் எழுத ஆரம்பித்தேன். அவர் டாக்டர் இல்லை, உடனே உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பொறாமை என்றார்கள். அவர்களில் ஒருவரான தேனி அம்மாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் மகன், 'அம்மா போன வாரம் காலமாகிவிட்டார்' என்று போட்டிருந்தான். எதனால் என்று போடவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

காலையில் சிறுநீர் பீட்ரூட் நிறத்தில் போனது. பீட்ரூட் சாப்பிட்டேனா என்று யோசித்தேன்.

சாப்பிடவில்லை. நாலைந்து நாளாகவே அப்படித்தான் போகிறது.

ஜூலை 12, புதன்

பத்து மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் லேப்பில் இருந்து போன். "அம்மா, திரும்ப வாங்க, இன்னொரு தடவை எடுக்கணும். நடந்து வராதீங்க. ஆட்டோவுல வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்தார். அவருக்குப் போன் பண்ணினேன்.

அந்த டெஸ்டில் எங்களுக்கெல்லாம் மூன்றை ஒட்டி இருக்கவேண்டிய எண், எனக்கு எட்டைத் தாண்டியிருக்கிறது. எங்கே இடித்தாலும் ஆபத்து, தலையில் இடித்தால் முடிந்தது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெட்டில் இருந்துதான் எழுதுகிறேன். ஊசி போட்டபிறகு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வெகு நேரம் நின்றார். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு. அதுவும் சிவந்தது.

மாசியில் இருந்து டெஸ்டுக்குப் போகவில்லை என்பதையும், மாத்திரையைக் கூட்டியதையும் சொன்னேன்.

"யாரு கூட்டச் சொன்னா?"

"குழுவுல ஒருத்தரு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பஞ்சைப் பார்த்துக்கொண்டே, "நான் என்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல என்னட்டி?" என்றார். அவர் உதடு நடுங்கியதைக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூலை 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். எண் இறங்கியிருக்கிறது. மாத்திரை மறுபடி ஒன்று. ரூபிணி என்னைத் தொடப் பயப்படுகிறது, தொட்டால் ரத்தம் வருமா என்று அப்பாவிடம் கேட்டதாம்.

ஜூலை 18, செவ்வாய்

பாலகுருவை அக்கா நீக்கிவிட்டார். நடந்ததைப் பெயர் சொல்லாமல் எழுதினோம். வாழ்த்து வரும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இவ்வளவு திட்டு வரும் என்றும் நினைக்கவில்லை. 'ஏழைகளுக்கு உதவுகிற ஒரே மனுஷனைத் துரத்திவிட்டீர்கள்.' 'நீங்கள் பதில் சொல்லமாட்டீர்கள், சொல்கிறவரையும் விடமாட்டீர்கள்.'

அவர் புதிதாக ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார். அந்தக் குழுவின் பெயரிலேயே டாக்டர் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேர் போய்விட்டார்கள். அக்கா போலீசில் மனு கொடுத்திருக்கிறார். பார்க்கிறோம் என்றார்களாம்.

அந்த ஆயிரம் பேரில் இப்போது யார் எந்த மாத்திரையை நிறுத்திக்கொண்டிருக்கிறார்களோ. சோறு இறங்கவில்லை.

ஜூலை 26, புதன்

பனிமய மாதா கோயிலில் கொடி ஏற்றிவிட்டார்கள். தெரு முழுக்கக் கூட்டம்.

சுகந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். முனியசாமி போனை அவளிடம் கொடுத்தார். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, மெல்ல வந்தது. நடுவில் மூச்சு வாங்கினாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"அக்கா... டாக்டர் சார... குரூப்புல... காணோமே. மதுரையில... புது அளவு... சொல்லியிருக்காங்க. அவருகிட்ட... ஒரு தடவ... கேட்டுக்கணும்."

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மனசு தாங்காது என்று முனியசாமி மறைத்திருக்கிறார். அதற்கும் மேலே, அன்றைக்கு நெஞ்சில் காது வைக்கச் சொன்னதே பாலகுரு டாக்டர்தான், தூத்துக்குடிப் பெண் அவர் சொல்லித்தான் போன் பண்ணினாள் என்று அவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அவரு... தெய்வம்... அக்கா" என்றாள்.

அப்படியே விட்டுவிட்டால் அவள் என்னைத் திட்டமாட்டாள். விட்டுவிட்டால் அவள் அந்தப் புதுக் குழுவைத் தேடிப் போவாள்.

சொன்னேன். அவர் டாக்டர் இல்லை. அவரை டாக்டர் ஆக்கியது நான். உன் முதல் கேள்வியை அவருக்கு அனுப்பி உள்ளே விட்டது நான். சத்தம் கேட்கவில்லை என்று நீ கேட்டபோது படித்துவிட்டுத் தள்ளினதும் நான்தான். இரண்டு நாள் சும்மா இருந்தேன். அந்த இரண்டு நாளில்...

முடிக்க முடியவில்லை. வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. பேசியபோது கோபமாகக்கூட இல்லை. அதுதான் என்னைப் போட்டு அறுத்தது.

"அப்ப... யாருகிட்டதான்... அக்கா... கேக்குறது? மதுரையில... வாயத் தொறக்கறதுக்குள்ள... அடுத்த ஆள... கூப்பிடுறாங்க. குரூப்புல... கேக்கக்கூடாதுங்கிறீங்க. நா... எங்கதான்... கேக்குறது?"

குழுவில் ஒட்டுகிற அந்த வரி வாய்வரை வந்தது. வெட்கத்தில் விழுங்கினேன்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை உனக்கு ஓ.பி.தானே? எனக்கும் அங்கதான் காட்டணும். நானும் வாரேன். ஒண்ணாப் போவோம்" என்றேன்.

அவள் போனை முனியசாமியிடம் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. மதுரை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. யார் முழங்கையாவது என் மேல் இடித்துவிடக்கூடாது என்று அவர் வழி முழுக்கக் கையை அரணாக வைத்துக்கொண்டே வந்தார். லீவு போட்டிருக்கிறார்.

சுகந்தியை முதல்முதலாக நேரில் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிடச் சின்னப் பெண். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். தையல் எப்படி என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் கையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது நானும் கூடவே போனேன். முனியசாமி வெளியே பைகளோடு நின்றார். டாக்டர் சின்ன வயசு. காலையில் இருந்து சாப்பிடவில்லை போல, முகம் வாடியிருந்தது. வாசலில் கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், எழுதினார். "நல்லா இருக்கு. இதே அளவு போடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க." சீட்டை நீட்டினார்.

"சார்... எனக்கு... இந்த மாத்திர..." என்று சுகந்தி ஆரம்பித்தாள்.

நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ஒரு பெரியவர் அதற்குள் உள்ளே வந்து சுகந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகந்தி வாயை மூடிக்கொண்டாள். எழுந்திருக்க இடது கையை மேஜையில் ஊன்றினாள்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது இருந்த அதே பயம். டாக்டரிடம் நான் இதுவரைக்கும் 'சரிங்க சார்' தவிர எதுவும் சொன்னதில்லை.

"சார், அவங்க இன்னும் கேட்டு முடிக்கல" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"நானும் உங்க பேஷன்ட்தான் சார். அவங்களுக்கு வார்த்தை மெல்லத்தான் வரும். கொஞ்சம் நேரம் ஆகும்."

அவர் வாசல் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. நர்ஸைப் பார்த்து, கதவைக் கொஞ்சம் சாத்தச் சொன்னார். பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கம்மா."

சுகந்தி மறுபடி உட்கார்ந்தாள். முதல் வார்த்தையில் இருந்து ஆரம்பித்தாள்.